முதல் பந்தி கேட்ட ஜரினா அக்கா

அந்த வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு நான் காப்பகத்து வாசலில் உட்கார்ந்து ஒரு சிறுமிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். காரிமங்கலத்தில் ஒரு கல்யாணம். எங்களில் பதினோரு பேருக்கு அழைப்பு. பிள்ளைகள் குளித்து, சட்டை மாற்றி, ஜரினா அக்காவின் பாத்திர வண்டி வந்து தங்களை ஏற்றிக்கொள்ளும் என்று தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வண்டி வரவில்லை. அக்காவின் தம்பி அன்வரிடமிருந்து போன் வந்தது.

"வார்டனம்மா, வண்டிக்குக் காத்திருக்காதீங்க. புள்ளைங்கள பஸ்ஸுல ஏத்தி விட்டுருங்க" என்றார். ஏன் என்று கேட்டேன். "அக்கா போயிட்டாங்க. காலையில தொழுகைக்கு எந்திரிச்சவங்க நெஞ்சு அடைக்குதுன்னு உக்காந்தாங்க. அவ்வளவுதான்."

பிள்ளைகளை நிறுத்திவிடுகிறேன் என்றேன். "நிறுத்தாதீங்க. அண்டாவெல்லாம் நேத்தே அங்க போயிருச்சு. உங்க வூட்டுக்கு எத்தனை எலைன்னும் சொல்லியாச்சு. நிறுத்துனா அக்கா என்னைத்தான் திட்டுவாங்க" என்றார் அன்வர். இறந்துபோனவர் திட்டுவார் என்று அவர் சொன்னது எனக்கும் நியாயமாகவே பட்டது. பிள்ளைகள் ஒரு பெரியவளின் துணையோடு கல்யாணத்துக்குப் போனார்கள். நான் அக்காவின் வீட்டுக்குப் போனேன்.

அக்காவைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தர்மபுரியில் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருந்தவர் அவர். கணவரை இளம் வயதிலேயே இழந்து, தம்பியோடு சேர்ந்து கடையை நடத்தினார். சுற்றுப்பட்டில் எந்தக் கல்யாணம், எந்தக் கிடாவெட்டு என்றாலும் அவருடைய அண்டாக்கள் அங்கே கொதித்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு பாத்திரத்தின் நசுங்கலுக்கும் அவரிடம் கதை இருந்தது. "இது பாலக்கோட்டுல மாப்பிள்ளை வூட்டுக்காரங்க சண்டையில விழுந்தது. இது பந்தலோட சாஞ்சது" என்று தட்டிக் காட்டுவார். ஒல்லியான உடம்பு. குரல் மட்டும் பெரிய விறகடுப்புப் பக்கம் நிற்கிறவர்களுக்குக் கேட்கிற மாதிரி வளர்ந்துவிட்டது. ரகசியம் என்று ஒன்றை அவரால் சொல்லவே முடியாது.

நான் பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில், வீடில்லாத குடும்பங்கள் தங்குகிற காப்பகத்தின் பொறுப்பாளர். தெருவில் படுத்துக் கிடந்தவர்கள், வாடகை வீட்டிலிருந்து விரட்டப்பட்டவர்கள், பிள்ளைகளோடு வந்து சேர்கிற இடம். காப்பகம் தொடங்கிய புதிதில் ஒரு நாள் ஒருவர் எல்லோருக்கும் சாப்பாடு அனுப்புவதாகச் சொன்னார். எங்களிடம் தட்டு போதவில்லை. அதை வாடகைக்கு எடுக்கத்தான் முதன்முதலில் அக்காவின் கடைக்குப் போனேன்.

"என்ன விசேஷங்க?" என்று கேட்டார். ஒருவருடைய நினைவு நாள் சாப்பாடு என்றேன். "யாரு நினைவு நாளு?" எனக்குத் தெரியவில்லை. "பேரு தெரியாதவங்களுக்காவா இத்தனை பேரு சாப்புடறீங்க?" என்று சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. தட்டு கொடுக்கிற வேலையைப் பார்த்தால் போதாதா என்று மனதுக்குள் கடிந்துகொண்டு வந்தேன். வாய்ப்பேச்சு அதிகம் என்று அப்போதே அவர்மேல் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். அந்த முடிவு தப்பு என்று தெரிய ஒரு மாதம்கூட ஆகவில்லை.

மாதம்மா அப்போதுதான் எங்களிடம் வந்திருந்தாள். கம்பைநல்லூர்ப் பக்கம். கணவன் லாரி ஓட்டுநர். தொப்பூர்க் கணவாயில் வண்டி கவிழ்ந்து இறந்துவிட்டான். புகுந்த வீட்டில் இருக்கவிடவில்லை. கூடப்பிறந்தவர்கள் போனை எடுக்கவில்லை. ஐந்து வயது பவித்ராவையும் கைக்குழந்தையாக இருந்த சக்தியையும் வைத்துக்கொண்டு பேருந்து நிலையத்தில் பத்து நாள் இருந்திருக்கிறாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு குடும்பம் தங்கள் மகளின் பிறந்தநாளுக்கு வடை பாயாசத்தோடு வந்தது. பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்தோம். படம் எடுத்தார்கள். பவித்ரா பாயாசத்தை வாங்கிக்கொண்டு, பரிமாறிய அந்த அம்மாவை நிமிர்ந்து பார்த்து, மிக மரியாதையாகக் கேட்டாள்: "யாருங்க செத்துட்டாங்க?"

அந்த அம்மாவின் முகம் இருண்டுவிட்டது. நல்ல நாளும் அதுவுமாக இப்படி ஒரு சொல்லா என்று கத்தினார். மகளைக் கூட்டிக்கொண்டு பாதியிலேயே கிளம்பினார்கள். நான் பவித்ராவை அடித்தேன். ஆமாம், அடித்தேன். இதை எழுதாமல் விட்டால் அக்காவைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

தட்டுகளை எடுக்க வந்திருந்த அக்கா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அழுதுகொண்டிருந்த பிள்ளையின் எதிரில் குந்தி உட்கார்ந்து, "ஏன் கண்ணு அப்படிக் கேட்ட?" என்றார்.

"பாயாசம் வந்தா யாராச்சும் செத்திருப்பாங்க. எப்பவும் அப்படித்தான்" என்றாள் பவித்ரா.

பிள்ளை சொன்னதில் பிசகில்லை. எங்களுக்கு வந்த நல்ல சாப்பாடெல்லாம் திதிச் சாப்பாடு. அக்கா எழுந்து என்னைப் பார்த்து, "இந்தப் புள்ளைங்க கல்யாணச் சாப்பாடே சாப்புட்டதில்லீங்களா?" என்று கேட்டார். மண்டபங்களிலிருந்து மிச்சம் வருகிறதே என்றேன். சாயங்காலம் நாலு மணிக்கு வாளியில் வரும். சில நாள் சாம்பார் புளித்திருக்கும்.

"மிச்சம் எப்படிங்க கல்யாணச் சாப்பாடு ஆவும்? அழைச்சு, எலை போட்டு, உக்கார வச்சாத்தான் அது கல்யாணச் சாப்பாடு" என்றார் அக்கா.

மறுநாளிலிருந்து அவர் கடையில் புதிதாக ஒரு சட்டம் வந்தது. பாத்திரம் கேட்டு வருகிறவர்கள் ஒரு பத்திரிகை கொடுக்க வேண்டும். கடைக்கு இல்லை, காப்பகத்துக்கு. உறையின் மேல் 'திருமதி மாதம்மாள் குடும்பத்தார்' என்பதுபோல யாராவது ஒருவருடைய பெயர் எழுதியிருக்க வேண்டும். இலை முதல் பந்தியில். மிச்சம் அனுப்புகிறோம் என்றால் வேண்டாம் என்பார். காப்பகம் என்ற சொல்லை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. "அந்த வூட்டுக்கு எத்தனை எலைங்க?" என்றுதான் கேட்பார்.

பலர் முறைத்துக்கொண்டு வேறு கடைக்குப் போனார்கள். வியாபாரம் கெட்டுவிடும் என்று அன்வர் புலம்பினார். நானும் பயந்தேன். அக்கா அசையவில்லை. "போனாப் போறாங்க. அவங்க கொண்டாடறதுக்கு அண்டா வேணும். என் அண்டாவுக்கு எவன் கல்யாணமும் வேணாம்" என்றார்.

முதல் அழைப்பு வந்தபோது பிரச்சினை எங்கள் பக்கத்திலிருந்தே வந்தது. மாதம்மா வரமாட்டேன் என்றாள். தாலியறுத்தவள் கல்யாண வீட்டு வாசலில் நின்றால் என்ன சொல்வார்கள் என்று அவளுக்கு நடுக்கம். மற்றப் பெண்களுக்குச் சேலை இல்லை. தெருமுனை இஸ்திரிக்காரரிடம் அக்கா பேசினார். இருந்த சேலைகளையும் பிள்ளைகளின் சட்டைகளையும் அவர் மடிப்புக் கலையாமல் தேய்த்துக் கொடுத்தார். இன்றுவரை கல்யாண நாளில் எங்கள் துணிக்கு அவர்தான். முடிவெட்டுகிற கடைக்காரர் முந்தின நாள் வந்து பிள்ளைகளுக்கு முடி திருத்தினார். மாதம்மாவிடம் அக்கா சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"நானும் புருசன இழந்தவதான் ஆத்தா. என் அண்டா போவாத கல்யாணம் இல்ல. அண்டாவ எவளாச்சும் அபசகுனம்னு சொல்லியிருக்காளா? நீ என் அண்டா கூட ஏறி வா. எவ கேக்கறான்னு பாக்கலாம்."

ஏறி வந்தாள். நாங்கள் எல்லோரும் அண்டாக்களுக்கு நடுவில் உட்கார்ந்துதான் போனோம். மண்டபத்தில் பந்தி விசாரிக்கிறவர் எங்களைப் பார்த்ததும், கடைசிப் பந்தியில் பார்த்துக்கொள்ளலாம், அதுவரை பின்பக்கம் இருங்கள் என்றார். நான் வழக்கம்போலச் சரி என்று தலையாட்டினேன். அக்கா சமையல்கட்டுக்குள் போய், சோறு கொதித்துக்கொண்டிருந்த அண்டாவின் வளையத்தைப் பிடித்துக்கொண்டு, மண்டபம் முழுக்கக் கேட்கிற அந்தக் குரலில் கேட்டார்: "ஏங்க, அண்டாவ வண்டியில ஏத்திக்கட்டுங்களா?"

பெண்ணின் தகப்பனார் ஓடி வந்தார். முதல் பந்தியில் ஒன்பது இலை போடப்பட்டது. மாதம்மா இலையில் தண்ணீர் தெளித்து, சக்தியை மடியில் இருத்திக்கொண்டாள். பவித்ரா மணமேடையை எட்டி எட்டிப் பார்த்துவிட்டு, "அவங்க ரெண்டு பேரும் உசுரோடதான இருக்காங்க?" என்று கேட்டாள். அக்கா சிரித்தார். நானும் சிரித்தேன். இன்று நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டு ஆண்டுகளில் எங்கள் சுவரில் ஒரு நீளமான கம்பி நிறையப் பத்திரிகைகள் குத்தியிருந்தன. எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்று நினைத்தபோதுதான் தெருக்காரர்கள் மனு கொடுத்தார்கள். காப்பகத்தை ஊருக்கு வெளியே, பைபாஸைத் தாண்டி இருந்த ஒரு காலிக் கட்டடத்துக்கு மாற்ற வேண்டும் என்று. முன்னால் நின்றவர் எதிர்வீட்டுப் பெயிண்ட் கடைக்காரர் கோவிந்தசாமி. குடிநீர்க் குழாயில் கூட்டம், வாசலில் துணி, கண்ட ஆட்கள் நடமாட்டம் என்று காரணங்கள். அந்தக் கட்டடத்துக்குப் பேருந்து கிடையாது. எங்கள் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் இங்கிருந்து இரண்டு தெரு. அங்கே போனால் அத்தனை பேரின் படிப்பும் நின்றுவிடும். பெண்கள் வேலைக்குப் போக முடியாது. பத்து நாளில் அதிகாரி நேரில் விசாரிக்க வருவதாகக் கடிதம் வந்தது.

நான் மூன்று பக்கத்துக்குப் பதில் எழுதி அக்காவிடம் படித்துக் காட்டினேன். "மனுவுக்கு மனு போட்டாக் காயிதந்தான் ஜாஸ்தியாவும்" என்றார். பிறகு சுவரில் இருந்த கம்பியைக் காட்டிக் கேட்டார்: "இத்தனை வூட்டுல கை நனைச்சிருக்கோம். திருப்பி ஒருத்தரையாச்சும் அழைச்சிருக்கமா?"

அழைத்ததில்லை. நாங்கள் அழைக்கலாம் என்று எங்களுக்கே தோன்றியதில்லை. சக்திக்கு இன்னும் காது குத்தவில்லை என்பது அக்காவுக்குத் தெரியும். காப்பகத்து முற்றத்தில் காதுகுத்து வைத்துத் தெருவையே அழைப்பது என்று முடிவு செய்தார். தாய்மாமன் மடி வேண்டுமே என்றேன். "ஏன், என் தம்பி என்ன செத்தா போயிட்டான்?" என்றார். நாளும் அவரே குறித்தார். மாதம்மாவும் அவரும் தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் அழைத்தார்கள். கோவிந்தசாமி கதவைத் திறக்கவில்லை. அவர் மனைவி ஜன்னல் வழியாகத் தட்டிலிருந்து வெற்றிலையை எடுத்துக்கொண்டார்.

இங்கேதான் அக்கா ஒரு தவறு செய்தார். அவரைத் தவிர வேறு யாரும் செய்ய முடியாத தவறு. நல்ல நாள் எது என்று அவர் ஐயரையும் கேட்கவில்லை, காலண்டரையும் பார்க்கவில்லை. அவர் கணக்கே வேறு. எந்த நாளுக்கு அதிகம் பேர் அண்டா கேட்டு முன்பதிவு செய்திருக்கிறார்களோ, அதுதான் ஊரிலேயே நல்ல நாள். அப்படியே பார்த்து வைகாசியில் ஒரு நாளைக் குறித்துவிட்டார். முந்தின நாள் மதியம் கடைக்குப் போய் நின்றபோது கடை துடைத்து விட்டதுபோல் இருந்தது. ஊருக்கெல்லாம் அண்டா கொடுக்கிறவர் வீட்டு விசேஷத்துக்கு ஒரு கரண்டிகூட இல்லை.

அன்வர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். நான் அழுதேவிட்டேன். இன்னும் மூன்று நாளில் விசாரணை. அழைத்துவிட்டுச் சோறு போடவில்லை என்றால் அந்தத் தெருவில் எப்படி நிற்பது? அக்கா காலிக் கடையின் கதவைச் சாத்தினார். "சரி வாங்க. அழைச்ச வூட்டுலயே போயிக் கேப்போம்" என்றார்.

மறுபடியும் வீடு வீடாகப் போனோம். இந்த முறை தட்டு இல்லை. "நாளைக்கு விசேஷம், அண்டா கிடைக்கல, இருக்கறதக் குடுங்க ஆத்தா" என்று பெண்களிடம் கேட்டார். அவர் முகத்தில் கூச்சம் என்பதே இல்லை. சோறு கேட்டால் முகம் சுளித்திருப்பார்கள். பாத்திரம் கேட்கிறவளை அப்படிப் பார்க்க முடியுமா? விசேஷம் நடக்கிற வீட்டுக்குப் பாத்திரம் இல்லை என்று எந்தப் பெண்ணும் சொல்லமாட்டாள். ஒருத்தி குக்கர் கொடுத்தாள். ஒருத்தி இட்லிக் குண்டான் கொடுத்தாள். கோவிந்தசாமியின் மனைவி, கணவர் கடைக்குப் போயிருந்த நேரத்தில், பரணிலிருந்து பெரிய பித்தளைக் குண்டானை இறக்கிக் கொடுத்தார். அதன் கழுத்தைச் சுற்றி, புதுமனை புகுவிழா அன்று வெட்டிய பெயர்: கோ. கோவிந்தசாமி.

காதுகுத்து அன்று காலையிலிருந்தே தெருப் பெண்கள் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார்கள். மொய்க்கு இல்லை, பாசத்துக்கும் இல்லை. தங்கள் பாத்திரம் என்ன கதியில் இருக்கிறது என்று பார்க்க. "ஏங்க, என் குக்கர் கைப்பிடி லூசு, பாத்துத் திறங்க." "குண்டானுக்கு அடிப்பிடிக்காம கிண்டுங்க." சொல்லிவிட்டு நின்றார்கள். நின்றவர்கள் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்கள் வெங்காயம் உரித்தார்கள். அன்வர் மடியில் உட்கார்ந்து சக்தி ஊரைக் கூட்டி அழுதபோது, தேனை நாக்கில் தடவியது தெருக்காரப் பெண் ஒருத்தி.

பன்னிரண்டு மணிக்குக் கோவிந்தசாமி வந்தார். "எங்க என் குண்டான்?" என்றார். குண்டான் நிறையச் சாம்பார். பெயர் வெளியே பளபளவென்று தெரிந்தது.

"சாம்பார் தீந்தாத்தாண்ணே குண்டான் வரும். அதுவரைக்கும் உக்காருங்க" என்றார் அக்கா. முதல் பந்தியில், முதல் இலையைக் காட்டினார். மாதம்மா பரிமாறினாள். அவர் யார் முகத்தையும் பார்க்காமல் சாப்பிட்டார். இரண்டாம் முறை சாம்பார் கேட்டார். நடந்தது இவ்வளவுதான். அவர் மனம் மாறிவிட்டது என்றெல்லாம் நான் எழுதினால் அவரே வந்து மறுப்பார். அவர் மனுவைத் திரும்பப் பெறவில்லை. ஆனால் அதிகாரி வந்த அன்று கடையைப் பூட்டிவிட்டு எங்கோ போய்விட்டார். அதிகாரி தெருப் பெண்களைக் கேட்டார். குக்கர் கொடுத்தவள் முன்னால் வந்து, "இவங்களால எங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லீங்க" என்றாள். காப்பகம் அதே தெருவில் இன்றும் இருக்கிறது. பவித்ரா ஏழாம் வகுப்பு படிக்கிறாள்.

போன மாதம் அக்கா வந்திருந்தார். படி ஏற மூச்சு வாங்கியது. ஓய்வெடுக்கச் சொல்லி மருத்துவர் எச்சரித்திருந்தார். "முகூர்த்த மாசத்துல ஓய்வா?" என்று சிரித்துவிட்டு, பிறகு என்னிடம் கொஞ்சம் கண்டிப்பாகவே சொன்னார்: "நான் போனா என் பேரச் சொல்லி இந்த வூட்டுக்குள்ள ஒரு வாளி வரக்கூடாது. வந்துச்சுன்னா எந்திரிச்சு வந்துருவேன்."

அந்த வெள்ளிக்கிழமை அவருடைய முகத்தைக் கடைசியாகப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் ஐந்து பேர் போன் செய்துவிட்டார்கள். அக்கா நினைவாகப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட வேண்டுமாம். எல்லோரும் நல்லவர்கள், அக்காவை நேசித்தவர்கள். எல்லோருக்கும் வேண்டாம் என்று சொன்னேன். இருவர் வருத்தப்பட்டார்கள். பிறகு சமாதானம் செய்துகொள்ளலாம்.

மறுநாள் காலை நான் வருவதற்குள் முற்றத்தில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மாதம்மா இப்போது அடுத்த தெருவில் ஓர் அறை எடுத்து இருக்கிறாள், எங்கள் சமையல்காரி அவள்தான். அரிசி களைந்துகொண்டே சொன்னாள்: "அவங்க வழக்கத்துல மூணு நாளு அடுப்பு பத்தவைக்க மாட்டாங்களாம். அக்கம்பக்கத்துலதான் சோறு குடுக்கணுமாம். நல்லதுக்கு அழைச்சாப் போவணும், கெட்டதுக்கு அழைக்காமயே போவணுங்க." கடை பூட்டியிருந்ததால் குண்டான் எதிர்வீட்டிலிருந்து வந்திருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தவர் கோவிந்தசாமி.

ஒரு மாதத்துக்கு முன் எங்களிடம் வந்து சேர்ந்த தேன்மொழிக்கு ஐந்து வயது. இதற்குள் இரண்டு கல்யாணம் பார்த்துவிட்டாள். பெரிய அடுப்பையும் குண்டானையும் கண்டதும் என் சேலையைப் பிடித்து இழுத்து, கண் அகலக் கேட்டாள்: "இன்னைக்கு யாருக்குங்க கல்யாணம்?"

பவித்ரா காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள்தான் அந்தச் சிறுமியின் எதிரில் குந்தி உட்கார்ந்து, இன்று கல்யாணம் இல்லை என்று மெதுவாகச் சொன்னாள்.

சோறும் பருப்பும் கத்திரிக்காய்க் குழம்பும் தூக்கிக்கொண்டு போனோம். வெளியூரிலிருந்து வந்திருந்த அக்காவின் உறவினர்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். மாதம்மா பரிமாறினாள். பெரியவர் ஒருவர் குண்டானில் வெட்டியிருந்த பெயரை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "இது கோவிந்தசாமிங்கறவங்க வூட்டுச் சோறுங்களா?" என்று விசாரித்தார்.

"குண்டான் அவங்களுதுங்க. சோறு எங்க வூட்டுது" என்றாள் மாதம்மா.

அக்கா, வாளி எதுவும் வரவில்லை. நீங்கள் எழுந்து வரத் தேவையில்லை. அடுத்த முகூர்த்தத்துக்குக் கம்பைநல்லூரிலிருந்து பத்திரிகை வந்திருக்கிறது, பதினான்கு இலை, முதல் பந்தி. அண்டாவோடு அண்டாவாக ஏறிப் போகிறோம். நிம்மதியாகப் போய் வாருங்கள்.